தலைகீழாகப் பறந்தாலும் பெட்ரோல் எப்படி வருகிறது?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நிஜ விமானத்தில் கால் அளவுள்ள பைப்பர் கப் ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) மாதிரி விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கை 2.7 மீட்டர், எல்லாம் சேர்த்து 9 கிலோ வரும். 20, 30, 55 சிசி என்று மூன்று பெட்ரோல் இன்ஜின்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெரிதாகவே வாங்கிவிட்டால் நல்லதுதானே?"

30 சிசி வாங்குங்கள். ஆனால் சிசியைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஆகாயத்தில் நிற்காமல் ஓடுமா? அதற்கான பதில் சிலிண்டரில் இல்லை, கார்புரேட்டரில் இருக்கிறது.

முதலில் சிசி கணக்கை முடித்துவிடலாம். விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் பெரும்பாலும் நிமிடத்துக்கு 8,500 சுற்று வாக்கில் உள்ள எண். நாம் மாட்டும் புரொப்பல்லரோடு இன்ஜின் அந்தச் சுற்றை எட்டாது. விமானத்தை இழுப்பது புரொப்பல்லர்தான் என்பதால் கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும். அதே திறனை 14 அங்குலப் புரொப்பல்லருக்குப் பதில் 18 அங்குலத்தில் செலவழித்தால், நின்ற நிலையில் இழுவிசை ஏட்டுக்கணக்குப்படி சுமார் 18 சதவீதம் கூடும். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது சிக்கனம். பள்ளிக்கூடத்தில் படித்த உந்தமும் இயக்க ஆற்றலும்தான் இது.

30 சிசிக்கு 18x8 புரொப்பல்லர் பொருந்தும். நீளம் 18 அங்குலம்; ஒரு சுற்றுக்கு 8 அங்குலம், அதாவது 0.203 மீட்டர் முன்னேறும்படி இதழ்களின் சாய்வு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. பெருக்கினால் நொடிக்கு 24 மீட்டர், மணிக்கு 88 கி.மீ. ஏறக்குறைய 1 சதுர மீட்டர் இறக்கையுள்ள 9 கிலோ கப், மணிக்கு 40 கி.மீ. வாக்கில்தான் தூக்குவிசையை இழந்து சரியும். இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி இருப்பதால் நிதானமாகப் பறக்கும் கப்புக்கு இது போதும்.

20 சிசியிலும் பறக்கும். ஆனால் சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்றின் அடர்த்தி, 15 டிகிரி காற்றைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. இன்ஜின் உறிஞ்சும் காற்றும் அந்த அளவு குறையும், இறக்கையைத் தாங்கும் காற்றும் குறையும். விளிம்பில் நிற்கும் இன்ஜின் அப்போது திணறும். 55 சிசி மறு எல்லை. அரை கிலோ வாக்கில் எடை கூடும்; ஒற்றை சிலிண்டரின் உதறல் பால்சா மரச் சட்டத்தைப் பசை விடவைக்கும். கப்புக்கு மூக்கு குட்டை, முன்பக்கம் கொஞ்சம் எடை கேட்கும் என்பது உண்மை. அதற்கு இக்னிஷன் பெட்டியையும் பேட்டரியையும் முன்னால் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி கார்புரேட்டர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பழைய பைக் கார்புரேட்டரில் ஒரு கிண்ணமும் மிதவையும் இருக்கும். பெட்ரோல் ஏறினால் மிதவை எழும்பி ஊசியால் வழியை அடைக்கும். விமானம் கவிழ்ந்து பறந்தால் அந்த ஏற்பாடு செல்லாது. ஆர்.சி. இன்ஜின்களில் இருப்பது வால்ப்ரோ வகை டயாபிரம் (சவ்வு) கார்புரேட்டர். வரப்பில் புல் வெட்டும் பிரஷ் கட்டரிலும் மரம் அறுக்கும் செயின் சாவிலும் இருக்கும் அதே சாமான். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியக் கட்டி. ஒருபக்கம் பம்பு, மறுபக்கம் அளந்து விடும் அறை. இரண்டுமே எந்தத் திசை கீழே என்பதைப் பொருட்படுத்துவதில்லை.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க்கேஸில் அழுத்தம் குறையும், கீழே வரும்போது கூடும். அங்கிருந்து கார்புரேட்டருக்கு ஒரு சிறு துளை வருகிறது. அந்தத் துளை வழியே வரும் அழுத்தத் துடிப்பு ஒரு மெல்லிய சவ்வை மாறி மாறி இழுக்கிறது, தள்ளுகிறது. சவ்வின் மறுபுறம் பெட்ரோல். அதே சவ்வில் மூன்று பக்கம் வெட்டிவிட்ட இரண்டு மடல்கள் உண்டு. ஒன்று டேங்கிலிருந்து உள்ளே மட்டும் விடும், மற்றது உள்ளிருந்து முன்னே மட்டும் விடும். அடிபம்பில் தோல் வாஷர் செய்கிற வேலைதான். 7,200 சுற்றில் இது நொடிக்கு 120 தடவை அடிக்கிறது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, தேய்ந்துபோகப் பல்சக்கரம் இல்லை. எத்தனை அழகான சிக்கனம்!

பம்பு தள்ளிய பெட்ரோல் ஓர் ஊசி வாசலில் வந்து காத்திருக்கும். அதற்கு அப்பால்தான் அளவை அறை. அறையின் கூரை இரண்டாவது சவ்வு. அதன் வெளிப்புறத்தில் ஒரு மூடி, மூடியில் ஒரு குண்டூசித் துளை, துளைக்கு வெளியே சாதாரணக் காற்று. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைந்து, அறையிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அறை காலியாக ஆக, வெளிக்காற்று சவ்வை உள்ளே அழுத்தும். சவ்வு ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தும், ஊசி எழும்பும், பெட்ரோல் நுழையும். அறை நிரம்பியதும் சவ்வு பின்வாங்க, ஸ்பிரிங் ஊசியை மூடிவிடும். எவ்வளவு உறிஞ்சப்பட்டதோ அவ்வளவே உள்ளே வருகிறது.

அந்தக் குண்டூசித் துளைதான் பலரைப் படுத்துகிறது. தரையில் அருமையாக ஓடிய இன்ஜின், மேலே போனதும் லீனாகி (காற்றுக்கேற்ற பெட்ரோல் கிடைக்காமல்) நிற்கும். பறக்கும்போது, இன்ஜினை மூடியிருக்கும் முன்கூட்டுக்குள் காற்றழுத்தம் மாறுவதுதான் காரணம். துளைக்கு வெளியே அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் சவ்வு சரியாக அழுந்தாது, பெட்ரோல் குறையும். மூடியைக் கழற்றி, துளையின் மேல் ஒரு சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு டியூபை விமான உடலுக்குள், காற்று அடிக்காத இடத்துக்குக் கொண்டுபோங்கள். கோளாறு தீர்ந்துவிடும்.

மற்ற நோய்களையும் இந்த அமைப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஸ்லோவில் நன்றாக ஓடி, முழு த்ராட்டிலில் சாகிறதா? பம்பு சவ்வு விறைத்துவிட்டது, அல்லது நுழைவாயில் வலை அடைத்திருக்கிறது. நிறுத்திய பிறகும் கார்புரேட்டர் ஒழுகுகிறதா? ஊசிக்கடியில் தூசி, அல்லது நெம்புகோல் உயர்ந்திருக்கிறது. நெம்புகோலின் உயரம் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் கார்புரேட்டருக்கு உரிய அளவைப் பார்த்து வையுங்கள். பழுதுபார்க்கும் கிட் வாங்கும்போது கார்புரேட்டரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பிரஷ் கட்டர் பார்க்கும் மெக்கானிக் இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவார்.

சவ்வை விறைக்க வைப்பதில் பழைய பெட்ரோலுக்கும் எத்தனாலுக்கும் பங்கு உண்டு. இன்று பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. ஆகவே அதே காற்றுக்கு எரிபொருள் 8, 9 சதவீதம் கூடுதலாகத் தேவை. முழு வேகத்தில் பெட்ரோலை அளக்கும் எச் திருகைச் சற்றுத் திறந்து வைக்காவிட்டால் இன்ஜின் சூடாகிப் பிஸ்டன் பிடிக்கும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றில் திறந்த கேனில் வைத்தால் கேட்கவே வேண்டாம். இறுக மூடும் கேனில் வையுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், பறந்து முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு கார்புரேட்டர் காயும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் எவ்வளவு என்று தெரிய, அளவுக்குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் தண்ணீர் 10க்கு மேல் எவ்வளவு உயர்கிறதோ, அது ஏறக்குறைய எத்தனாலின் அளவு.

ஆயில், லிட்டருக்கு 33 மி.லி. செயற்கை 2டி. விளக்கெண்ணெய் வேண்டாம், மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜினுக்குத்தான் அது உகந்தது, பெட்ரோலில் சரியாகக் கரையாது. பாச்சை உருண்டை போட்டால் வேகம் கூடும் என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியானதும் அது படிகமாகி ஜெட்டை அடைக்கும். இன்ஜின் நின்றால் கண் பட்டுவிட்டது என்று திருஷ்டி சுற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நின்ற இன்ஜினுக்குக் காரணம் உண்டு, நாலு திருகைக் கழற்றினால் அது தெரியும். நம் பொறியியல் கல்லூரிகளும் ஆயத்த ட்ரோன்களை வாங்கி அடுக்குவதோடு நில்லாமல், இழுவிசை அளக்கும் ஒரு மேடை செய்து மாணவர் கையில் இப்படி ஓர் இன்ஜினைக் கொடுத்தால் நல்லது. செலவும் பெரிதில்லை.

டியூன் செய்ய, எல் (குறைந்த வேகத்துக்கான திருகு), எச் இரண்டையும் ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். முழு த்ராட்டிலில் எச்சை மூடிக்கொண்டே போய் உச்சச் சுற்றைக் கண்டதும், 200 முதல் 300 சுற்று குறையும்வரை திறந்து விடுங்கள். பிறகு எல், த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் இருமாமல் ஏற வேண்டும். கடைசியாக எச்சை மறுபடி பாருங்கள்.

பொருத்தும்போது கவனிக்க: சிலிகான் டியூப் பெட்ரோலில் ஊதிப்போகும், டைகான் டியூப் போடுங்கள். டேங்க் மூடியும் பெட்ரோலுக்கு உரிய ரப்பராக இருக்கட்டும். 400 மி.லி. டேங்க் தாராளம். இக்னிஷனுக்குத் தனிப் பேட்டரி, ரிசீவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ரிமோட்டிலிருந்தே நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம். முன்கூட்டில் காற்று வெளியேறும் வழி, நுழையும் வழியைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். பலர் நுழைவாயிலைப் பெரிதாக்கிவிட்டு ஏன் சூடாகிறது என்று தேடுகிறார்கள்.

2021 ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் திருச்சியில் விமான நிலையமும் இருப்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பார்த்த பிறகே திடலைத் தேர்ந்தெடுங்கள்.

டெல்டாவில் இன்ஜின் நின்றால் இறங்க வெறும் நிலம் கிடைப்பது அரிது. தை, மாசியில்கூட நெல் அறுக்குமுன்பே தெளித்த உளுந்தும் பயறும் முளைத்து நிற்கும். குறுவை காலத்தில் எங்கும் சேறு. சேற்றில் இறங்கிவிட்டால் புரொப்பல்லரைச் சுழற்றிப் பார்க்காதீர்கள். ஒரு சுற்றிலேயே மண் கிராங்க்கேஸுக்குள் போய் பேரிங்கைத் தின்றுவிடும். முதலில் வெளிப்புறத்தைக் கழுவித் துடையுங்கள். பிறகு பிளக்கையும் கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே விட்டு வடியுங்கள். வடிவது தெளிவாக வந்த பிறகு கையால் மெல்லத் திருப்புங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் பேரிங் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.