கூறைச் சேலை செங்கல் நிறமான கதை

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள ஒரு புடைவைக்கடைக்காக நான் எடுத்துக் கொடுத்த கூறைச் சேலைப் படம் முகநூலில் நல்ல வரவேற்பைப் பெற்றது. படத்தை நம்பிக் கடைக்கு வந்த ஒரு தாய், விரித்துக் காட்டிய சேலையைப் பார்த்துவிட்டு, "இது அந்தச் சேலை இல்லையே தம்பி" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். சேலை அதுவேதான். அதன் அரக்குச் சிவப்பைச் செங்கல் நிறமாக்கியது நான் இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பிரிசெட், அதாவது ஒரே சொடுக்கில் படத்தின் நிறங்களை மாற்றும் ஆயத்த அமைப்பு. கடைக்காரர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை என்றாலும், பிழை முழுக்க என்னுடையதே.

ஆடைப் படங்களுக்கு நிறத்தொனி, அதாவது படம் முழுவதற்குமான ஒரு நிறச் சாயல், சேர்க்கக் கற்றுக்கொள்ளும் இளையவர்கள் பெரும்பாலும் நான் தொடங்கிய இடத்திலேயே தொடங்குகிறார்கள். நிழல்களை நீலப்பச்சைக்கும் தோலைச் செம்மஞ்சளுக்கும் தள்ளும் அந்தப் பிரபலமான தொனி, எதிரெதிர் நிறங்களை அருகருகே வைப்பதால் கண்ணைச் சட்டென்று இழுக்கிறது. ஆனால் அதை உருவாக்கும் பிரிசெட்டுகளில் பல, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்தே செம்மஞ்சளை நோக்கி நகர்த்திவிடுகின்றன. மேலைநாட்டு டெனிம் உடைக்கு அதனால் பெரிய நட்டமில்லை. குங்குமச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் உயிராக இருக்கும் நம் ஆடைகளுக்கோ அது கேடு.

தொனி சேர்ப்பதற்கு முன்னர் நிறத்தைத் திருத்த வேண்டும், அதாவது துணியின் உண்மை நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். திருத்தம் கமெராவிலிருந்தே தொடங்குகிறது. கடைக்குள் எரியும் மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு), கண்ணாடிக் கதவு வழியே வரும் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின் என்றிருக்கும்போது, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலையின் எந்த ஓர் அளவாலும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. ஒன்றை அணைத்துவிடுவதே வழி. மலிவான எல்ஈடி விளக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்காகப் பெட்டியில் அச்சிடப்படும் சிஆர்ஐ எண் 8 மென்னிற மாதிரிகளின் சராசரியாகவே கணிக்கப்படுகிறது. ஆர்9 எனப்படும் அடர்சிவப்பு அந்தச் சராசரியில் சேர்வதில்லை. ஆகவே நல்ல எண் கொண்ட விளக்கின் கீழும் அரக்குச் சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியக்கூடும். வெளிச்சத்திலேயே இல்லாத சிவப்பை மென்பொருளில் எவ்வளவு கூட்டினாலும் துணியின் உண்மை நிறம் திரும்பாது.

வெளிப்புறத்தில் சிக்கல் வேறு விதமானது. விகாரமகாதேவி பூங்காவின் புல்தரையில் நிற்பவரின் தாடைக்கடியில் பச்சை படியும். காலி முகத்திடலில் மாலை வெயிலுக்குக் காத்திருந்தால், நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால், பொன்னொளி விரைவில் தீர்ந்துவிடும். முதற் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நிறம் ஒத்துப்போகாது. ஒவ்வோர் ஆடை மாற்றத்தின்போதும், நிறத்தைத் திருத்த அளவுகோலாக உதவும் சாம்பல் அட்டையுடன் ஒரு படம் எடுத்துவைத்தால் பின்னர் பல மணிநேரம் மிஞ்சும். கோப்பு ரோ வடிவில், அதாவது கமெரா பதிந்த தரவு சுருக்கப்படாமல் பதப்படுத்தப்படாமல் இருக்கும் வடிவில், இருக்கட்டும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம். 14 பிட் ரோவில் 16,384.

இனித் தொனிக்கு வருவோம். இருட்டறைக் காலத்தில் செப்பியா என்பது படத்திலுள்ள வெள்ளியைச் சல்பைட்டாக மாற்றும் இரசாயனக் குளியல். அங்கே நிறம் படத்தின் எல்லாப் பகுதிக்கும் பரவியது. இன்று படத்தைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நிழல், இடைத்தொனி, ஒளிர்பகுதி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நிறச் சக்கரங்கள் உண்டு. 2020 ஒக்டோபருக்கு முன்பு அதிலிருந்த ஸ்பிளிட் டோனிங் என்ற வசதியில் இடைத்தொனிக்கு இடமிருக்கவில்லை. தோலும் துணியும் பெரும்பாலும் இடைத்தொனியில்தான் இருக்கின்றன என்பதால், கற்பவர்களுக்கு நான் சொல்வது, தொடக்கத்தில் அந்தச் சக்கரத்தைத் தொடாமல் நிழலில் மட்டும் 5 முதல் 10 வரை செறிவு சேர்த்துப் பழகுங்கள் என்பதே.

விளைவைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. நம் பெண்களின் அலங்காரமே போதும். நெற்றியின் குங்குமப் பொட்டு செம்மஞ்சளானால் சிவப்பு நகர்ந்துவிட்டது. கூந்தல் மல்லிகை நேற்றைய பூப்போல வாடித் தெரிந்தால் ஒளிர்பகுதியில் மஞ்சள் கூடிவிட்டது. சரிகை பித்தளையாகத் தெரிந்தால் மஞ்சள் பச்சையை நோக்கிச் சாய்ந்துவிட்டது. இவை எல்லாவற்றையும் விடக் கடினமான தேர்வு மயில்கழுத்து நிறப் பட்டு. அதில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறிமாறி எழுவதே அதன் அழகு. நிழலில் நீலப்பச்சை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகி, சேலை வெறும் ஒற்றை நிறத் துணியாகிவிடும். இத்தகைய ஆடைகளுக்கு நான் பின்னணியை மட்டும் மாஸ்க் செய்து (தனியே பிரித்துத் தெரிந்து) தொனியூட்டுகிறேன், சேலையின் ஓரத்தில் ஒரு கோடு கூடத் தொடாமல்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "கொஞ்சம் வெளுப்பாக்கிவிடுங்கோ" என்ற வேண்டுகோள் இல்லாத வாரம் எனக்கு அரிது. அதைச் செய்வதும் எளிது, செம்மஞ்சளின் ஒளிர்வைக் கூட்டினால் போதும். ஆனால் தங்க நகையும் சரிகையும் செம்மஞ்சள், மஞ்சள் எல்லைக்குள்ளேயே இருப்பதால் அவையும் சேர்ந்து வெளிறி, செட்டியார் தெருவில் வாங்கிய ஆரம் போலி நகைபோல ஆகிவிடும். வாடிக்கையாளரிடம் நான் முதலில் காட்டுவது இந்த நகையைத்தான். நிறவெறி பற்றிய பேச்சை விட அது விரைவில் புரிகிறது. உண்மையில் கறுத்த தோலுக்கும் வெளிர்ந்த தோலுக்கும் நிறச்சாயல் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது பெரும்பாலும் ஒளிர்வும் செறிவும். கறுத்த தோலைச் சாம்பலாக்காமல் காக்க, அதை வெளுப்பாக்குவதற்குப் பதிலாக, நிழலில் சேர்த்த நீலத்தைக் குறைத்துப் பாருங்கள்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக: 6500 கெல்வின், காமா (இடைத்தொனிகளின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் அளவு) 2.2, அறைச்சுவர் சாம்பல் அல்லது வெள்ளை, இணையத்துக்கான ஏற்றுமதி எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில். அரை மணிநேரம் ஒரே படத்தைப் பார்த்த கண், எந்தத் தொனியையும் இயல்பென்று ஏற்றுக்கொள்ளும். ஆகவே எழுந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து மீண்டும் பாருங்கள்.

இப்போது சேலையுடன் வரும் ரவிக்கைத் துண்டை வாங்கி வந்து, மறுநாட்காலை சன்னலோர வெளிச்சத்தில் அதைத் திரையருகே பிடித்து ஒப்பிட்ட பின்னரே படத்தை அனுப்புகிறேன். அந்தப் புடைவைக்கடைக்காரருக்கு ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரதிகள் போகும்: பட்டியலுக்கு நிறம் திருத்தியது மட்டும், பதாகைக்குத் தொனி சேர்த்தது. கூறைச் சேலைக்கு மாத்திரம் இரண்டாவது பிரதியை நான் செய்வதில்லை, அவரும் கேட்பதில்லை.