டூட்டியில் அடிபட்ட போலீஸ்காரரும் அவருடைய ஏ.ஆர். காப்பியும்

அடிபட்டு யார் வந்தாலும் அரசு மருத்துவமனைக்கு ஒரு காவலர் நோட்டுடன் வந்துவிடுவார். எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த வண்டி, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். இந்த வேலையில் போலீஸாரை மிஞ்ச ஆளில்லை. அடிபட்டு வந்தவரே போலீஸ்காரராக இருந்துவிட்டால் மட்டும் அந்த நோட்டு பெரும்பாலும் திறக்கப்படுவதில்லை. "நம்ம ஆள்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நீலகிரியில் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் பணி சம்பந்தப்பட்ட வழக்குகளும் நடத்துகிறவன் என்ற முறையில், அந்தத் திறக்காத நோட்டால் என்ன ஆகிறது என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். காவலர்கள் என்னிடம் வருவது தாமதமாகத்தான். விடுப்பெல்லாம் தீர்ந்து, ஊதியமில்லா விடுப்பு என்று ஒரு உத்தரவு கையில் கிடைத்தபிறகு வருவார்கள். கோப்பைத் திறந்தால் முதல் தாளிலேயே சிக்கல் இருக்கும்.

ஒருவருடைய கதையைச் சொன்னால் புரியும். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மழை இரவு. குன்னூர் மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் நிற்கின்றன. போக்குவரத்தைச் சரிசெய்யப் போன ஏட்டு ஒருவர் ஓரத்துச் சேற்றில் வழுக்கி, முழங்கால் மடங்கி விழுகிறார். அன்றிரவு ஆஸ்பத்திரியில் டாக்டர் "என்னாச்சு?" என்று கேட்க, "வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்கிறார். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், 'செல்ஃப் ஃபால்' என்று பதிவாகிறது. ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடான ஜி.டி.யில் அவர் போக்குவரத்து ஒழுங்குக்குக் கிளம்பிய பதிவு இருக்கிறது. காயத்தோடு திரும்பிய பதிவு இல்லை. கட்டுப்போட்டுக்கொண்டு ஒரு வாரம் எம்.எல்., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். அப்புறம் நாளாக ஆக மூட்டு வீங்கியது, ஸ்கேன் எடுத்தார்கள், தசைநார் கிழிந்திருக்கிறது, கோவையில் அறுவை சிகிச்சை.

"ஏட்டையா, டூட்டியில இருந்தப்போ விழுந்தேன்னு அன்னிக்கு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"யூனிஃபார்ம்லதானே போனேன் வக்கீல் சார், பார்த்தாலே தெரியாதா?"

டாக்டர் நிச்சயம் பார்த்திருப்பார். ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்தத் தாளைப் படிக்கிற மாவட்ட அலுவலக உதவியாளருக்கு அதில் யூனிஃபார்ம் தெரியாது.

ஏன் எழுதிவைப்பதில்லை? கூச்சம் ஒரு காரணம். மலையில் பிறந்து வளர்ந்தவன் வழுக்கி விழுந்தேன் என்று எழுதவா என்பார்கள். இன்ஸ்பெக்டர் "முதல்ல உடம்பைப் பாருங்க, மத்ததைப் பார்த்துக்கலாம்" என்று நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். மூன்று மாதத்தில் அவருக்கே வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிடும். இவற்றைவிடப் பெரிய காரணம் ஜீப். மலைப்பாதை வளைவில் துறை வாகனம் தடுப்பில் மோதி நால்வருக்கு அடி என்று வையுங்கள். அடிபட்டதை முறையாகப் பதிந்தால் ஓட்டிய காவலர்மேல் வழக்கு வரும், மெமோ வரும், வண்டிச் சேதத்தை அவரிடம் வசூலிக்கும் பேச்சும் வரும். அவருக்கும் குழந்தை குட்டி இருக்கிறது. அதனால் நால்வரும் சேர்ந்து, அவரவர் காயத்தை அவரவர் வீட்டில் நடந்ததுபோல ஆக்கிவிடுகிறார்கள். இந்த நட்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது நால்வரில் காலை இழந்தவர் மட்டும்தான் என்பதை அன்றைக்கே யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, என்னென்ன கிடைக்கும்? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மனு போடலாமா என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் விரல் போன பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் பணம் வந்திருக்கும். 1923ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இப்போது, 2025 நவம்பர் 21 முதல், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயமாகியிருக்கிறது. ஸ்டேஷனில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்கிற துப்புரவுப் பணியாளருக்கோ, காவலர் குடியிருப்புக் கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கோ அது பயன்படும். நிரந்தரப் பணியிலிருக்கும் காவலருக்கு வழி வேறு. அவர் அரசு ஊழியர். அவருக்கானது பணி விதிகளிலும் வேறு சில சட்டங்களிலும் சிதறிக்கிடக்கிறது. ஒரே மனுவில், ஒரே அலுவலகத்தில் எதுவும் முடியாது.

முதலில் விடுப்பு. அடிப்படை விதிகளில் 83, 83-ஏ என்று இரண்டு உண்டு. சிறப்பு இயலாமை விடுப்பு என்பார்கள். கடமையைச் செய்ததற்காக ஒருவர் வேண்டுமென்றே தாக்கினால் 83. கடமையின்போது தற்செயலாக அடிபட்டால் 83-ஏ. மருத்துவக் குழு சான்றளிக்கிற காலத்துக்கு, அதிகபட்சம் 24 மாதம் வரை கொடுக்கலாம். ஆரம்ப மாதங்களுக்கு முழு விடுப்புச் சம்பளம், பிறகு பாதி. உங்கள் ஈட்டிய விடுப்புக் கணக்கில் பொதுவாகக் கைவைக்கமாட்டார்கள், ஓய்வூதியத்துக்கும் அந்தக் காலம் பணியாகவே கணக்காகும். இவ்வளவு நல்ல விதி இருக்கும்போது நம் ஆட்கள் சொந்த எம்.எல்.லைப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த விதிக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் இயலாமை வெளிப்பட்டிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதைத் தாமதமில்லாமல் தெரிவித்திருக்கவும் வேண்டும். காரணம் நம்பும்படி இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த நம்பிக்கையை வரவழைப்பது எது? மேலே சொன்ன ஜி.டி. பதிவும் ஏ.ஆர். காப்பியும்தான்.

ஆகவே அடிபட்ட அன்று செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் கேட்கும்போது இடம், நேரம் இரண்டோடு 'இன்ன ஸ்டேஷன் காவலர், இன்ன டூட்டியில் இருந்தபோது' என்பதையும் சொல்லி எழுதவைக்க வேண்டும். சொல்லும் நிலையில் நீங்கள் இல்லையென்றால் கூட வந்தவர் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் ரைட்டரிடம் போனில் சொல்லி அன்றைக்கே ஜி.டி.யில் ஏற்றச் சொல்லுங்கள். வெளியூர் பந்தோபஸ்து என்றால், அங்கே அனுப்பும்போது தருகிற உத்தரவுச் சீட்டான டூட்டி பாஸ்போர்ட்டின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். லீவில் வீட்டில் இருந்தவரை வாட்ஸ்அப் குரூப்பில் கூப்பிட்டு, வரும் வழியில் விபத்து என்றால் அந்தச் செய்திதான் உங்கள் டூட்டி உத்தரவு. போன் மாற்றும்போது அதை அழித்துவிடாதீர்கள்.

மே மாதத்தில் ஊட்டி மலர்க் கண்காட்சிக்காகச் சமவெளி மாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்கு வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு வாரம் டூட்டி பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். சேரிங் கிராஸில் உங்கள் காலில் சுற்றுலா வேன் ஏறியதற்கு இங்கே சாட்சி தேடித்தர யாரும் இருக்கமாட்டார்கள்.

வேன் ஏறினால் அடுத்த வழி மோட்டார் வாகனச் சட்டம். டூட்டியில் இருந்த காவலர் இழப்பீடு கேட்கக்கூடாது என்று ஒரு நம்பிக்கை துறைக்குள் உலவுகிறது. அது தவறு. இடித்த வண்டியின் உரிமையாளர்மீதும் காப்பீட்டு நிறுவனத்தின்மீதும் மற்ற யாரையும்போல நீங்களும் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு என்று சட்டத்தில் வந்திருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் மரணத்துக்கு 5 லட்சமும் கேட்க வழி தருவது பிரிவு 164. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் பிரிவு 161இன்படி கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம். "சம்பளம் வந்துகொண்டுதானே இருக்கிறது, என்ன நஷ்டம்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். செலவழிந்த ஈட்டிய விடுப்பு நஷ்டம்தான், வலியும் நஷ்டம்தான். ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் அது அந்த மனிதரின் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முழங்கால் மடங்காத எழுத்தரும் முழங்கால் மடங்காத காவலரும் ஒன்றல்ல.

துறை ஜீப்பிலேயே அடிபட்டால்? அரசு வாகனங்களுக்குச் சட்டம் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அங்கே உரிமையாளரான அரசே பொறுப்பு. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கேட்கலாம். ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம் என்றால், அவருடைய சொந்தக் காயத்துக்கு மட்டும் அந்தப் பாதையில் பணம் கிடைக்காது. அவருக்கும் 83-ஏ கதவை முதலில் தட்டிப் பார்க்கலாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு தனிச் சிக்கல். பலத்த காயம் என்றால் ஊட்டிக்கு மலையேறுவதைவிடச் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம், அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் விபத்துப் பதிவு கேரளத்தில் இருக்கும், ஆஸ்பத்திரி நம் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலில் இல்லாமலும் போகலாம். அவசர சிகிச்சை என்பதற்கு அந்த டாக்டரிடமே ஒரு சான்று வாங்கி வைத்தால்தான் பிறகு செலவைத் திரும்பக் கேட்க முடியும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். அப்புறம் அந்த மலையை இறங்கிப் போக யாருக்கும் மனம் வராது.

கூடலூரில் யானை ஆளைக் கொன்றால் சாலை மறியல், மறியலில் தள்ளுமுள்ளு, சில நேரம் கல். காவலரைக் கடமையைச் செய்யவிடாமல் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 121ஆம் பிரிவு. வழக்கில் தண்டனை ஆகும்போது அபராதத்திலிருந்து காயம்பட்டவருக்கு இழப்பீடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அரசு வழக்கறிஞரிடம் கேட்டுவைத்தால் தவிர அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2025இல் தமிழ்நாடு அரசு வங்கிகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அரசு ஊழியர் சம்பளக் கணக்குக்கு 1 கோடி ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது. உங்கள் கணக்கு அந்தச் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறதா, வெறும் சேமிப்புக் கணக்காகவே கிடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவிக்கும் சொல்லிவையுங்கள். பணியில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்க மூன்று வருடக் கெடு என்பதும் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது.

இனி, பலரைத் தூங்கவிடாத கேள்வி: கால் போய்விட்டது, வேலையும் போய்விடுமா? போகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியிலிருக்கும்போது ஊனம் ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவியில் இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது, இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாதுகாப்புக்கு டூட்டியில்தான் அடிபட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதற்கு முந்தைய 1995 சட்டத்தின்கீழ் 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குணால் சிங் வழக்கும் சீருடைக்காரர் ஒருவருடையதுதான். அவர் மத்தியப் படையில் கான்ஸ்டபிள். பணியில் அடிபட்டு இடது காலை எடுத்தார்கள். உடல்தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இயலாமை ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதைச் சொல்லி இந்த உரிமையை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அவரைப் பணியில் வைத்துக்கொள்ளச் சொன்னது.

அதனால் "நீங்களாகவே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடுங்க, சீக்கிரம் முடியும்" என்று யாராவது அன்போடு சொன்னால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தானாக எழுதிக் கொடுத்துவிட்டால் பிரிவு 20(4) பிறகு கைகொடுப்பது கடினம். லைட் டூட்டி கேட்பதாக இருந்தாலும் வாய்வழியாகக் கேட்டு பாரா டூட்டியில், அதாவது ஸ்டேஷன் காவலில், உட்கார்ந்துவிட வேண்டாம். மருத்துவச் சான்றை வைத்து எழுத்தில் கேளுங்கள். அந்த மனுவே நாளைக்கு ஒரு ஆவணம்.

எல்லா மனுவும் முறையான வழியில் எஸ்.பி.க்குப் போகட்டும். ஒப்புகை வாங்குங்கள், தரத் தயங்கினால் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். நியாயமான காலம் காத்திருந்தும் பதில் இல்லையென்றால், மனுவைப் பரிசீலித்து உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். நீலகிரிக்காரர்கள் சென்னையில் போட வேண்டும். கொடைக்கானல் பக்கத்துக் காவலர்களுக்கு, அது திண்டுக்கல் மாவட்டம் என்பதால், மதுரைக் கிளை.