அன்டிபயோட்டிக் கேட்காத வயிற்றுளைவும் பேஜ் சிகிச்சையும்

"ஜோர்ஜியாவில் வைரஸைக் குடிக்கக் கொடுத்துக் குடல் தொற்றைச் சுகப்படுத்துகிறார்களாமே, டொக்டர்?" கொழும்பில் நோயாளர்கள் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். சிப்ரோ என்ற அன்டிபயோட்டிக்கும் கேட்காமல், அடுத்த மருந்தும் கேட்காமல் அலைக்கழிந்தவர்களுக்கு இது நியாயமான கேள்வி.

அந்த வைரஸின் பெயர் பக்டீரியோபேஜ், சுருக்கமாகப் பேஜ். அது பக்டீரியாவுக்குள் தன் மரபணுவைச் செலுத்திப் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மனிதக் கலங்களைத் தாக்காது. கொல்லும் வழியே வேறு என்பதால், அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமியும் இதற்கு அடங்கலாம். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டி ஹெரல் 1917இல் இதைக் கண்டதே வயிற்றுளைவு நோயாளர்களின் மலத்தில்தான். ஜோர்ஜியாவின் திபிலீசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றும் பேஜ் சிகிச்சை அளிக்கிறது.

ஆனால் பேஜுக்கு ஆள் பார்த்துத்தான் வேலை. வயிற்றுளைவைத் தரும் ஷிகெல்லா கிருமிக்கென எடுத்த பேஜ் கொலராக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஒரே இனத்துக்குள்ளும் சில கிளைவகைகளை மட்டுமே கொல்லும். பங்களாதேஷில் வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளுக்கு ஈ. கோலை என்ற குடல் பக்டீரியாவைக் கொல்லும் பேஜ் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஜீவனி போன்ற உப்புக் கரைசலை விடக் கூடுதல் பலனும் இல்லை. கொடுத்த பேஜ் எல்லாக் கிளைவகைகளுக்கும் பொருந்தவில்லை, அது பெருகுமளவுக்குக் குடலில் ஈ. கோலையும் இருக்கவில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். என்ன கிருமி என்று தெரியாமல் இணையத்தில் பேஜ் போத்தல் வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கிருமியைக் காட்டுவது கல்ச்சர், அதாவது மாதிரியிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. அதைக் கெடுப்பது நம் அவசரம். டொக்டரின் துண்டு இல்லாமல் பார்மசியில் இரண்டு குளிசை வாங்கி விழுங்கிவிட்டு மாதிரி தந்தால், கல்ச்சர் தட்டில் நோய்க்கிருமி வளராமலே போகலாம். நோயோ உள்ளே இருக்கும். பிறகு பேஜ் மட்டுமல்ல, சரியான அன்டிபயோட்டிக்கைத் தெரிவுசெய்வதும் கடினம். பல வருடங்களாக ஆய்வுகூடத்தில் என்னை அதிகம் வருத்துவது இந்த வெறும் தட்டுகள்தான்.

தண்ணீராகப் போகும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் ஜீவனி போதும். குழந்தைக்கு டொக்டர் சொல்லும் அளவில் சிங்க் (நாகச்சத்து) மருந்தும் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சோர்வு இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். முதல் குளிசைக்கு முன் கல்ச்சர் எடுக்கலாமா என்று கேளுங்கள். நெருப்புக்காய்ச்சல் என்று சந்தேகித்தால் இரத்தக் கல்ச்சர் தேவை. மலத்தைச் சிறுநீர் கலக்காமல், ஆய்வுகூடம் தரும் போத்தலில் எடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள்.