சாமி பேரில் நடக்கும் இல்லம் என்றாலும் கேளுங்கள்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அறுபது வயது நெருங்கும்போது என்னிடம் பேசும் பேச்சே மாறிவிடுகிறது. அதுவரை பயிற்சி, வலிப்பு மாத்திரை என்று கேட்டவர்கள், "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். முப்பது, நாற்பது வயதான மகனுக்கோ மகளுக்கோ ஓர் இல்லம் தேடினால், கண்ணில் படுபவற்றில் பல கிறிஸ்தவ சபைகளோ ஆசிரமங்களோ சமய அறக்கட்டளைகளோ நடத்துபவை. "சாமி பேர்ல நடத்துறாங்க, தப்பு பண்ண மாட்டாங்க" என்று சொல்லி அத்துடன் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தக் கூடாது.

பக்தியால் கிடைக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சொற்பச் சம்பளத்தில் பல ஆண்டுகள் ஒரே இல்லத்தில் இருந்து, ஒவ்வொருவருக்கும் எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதுவரை தெரிந்துவைத்திருக்கும் கன்னியாஸ்திரிகளையும் தொண்டர்களையும் பார்த்திருக்கிறேன். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது கிடைக்காது.

இந்த வகை இல்லங்களில் உலகறிந்தது லார்ஷ். 1964-ல் பிரான்ஸின் ஒரு சிற்றூரில், பெரிய விடுதியொன்றில் அடைபட்டிருந்த இரண்டு ஆண்களை அழைத்துவந்து அவர்களுடன் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார் ழான் வனியே என்ற கத்தோலிக்கர். குறைபாடுள்ளவர்களும் உதவியாளர்களும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடும் சின்ன வீடு என்பதே அதன் முறை. 1970-ல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் இந்தியாவுக்கும் வந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. இங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள்.

வனியே 2019-ல் இறந்தார். வாழும்போதே பலர் அவரைப் புனிதராக எண்ணினார்கள். மறு ஆண்டு லார்ஷ் அமைப்பே வெளியிட்ட விசாரணை முடிவு, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதைச் சொன்னது. 2023-ல் வந்த விரிவான அறிக்கை, குறைந்தது 25 பெண்கள் என்றது. அவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அல்லர். பேசத் தெரிந்தவர்கள், படித்தவர்கள். அவர்களே வாய் திறக்க இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், பேச்சே வராத உங்கள் மகளால் எப்படிச் சொல்ல முடியும்? அந்த அமைப்பு தன் நிறுவனரைப் பற்றிய உண்மையைத் தானே தேடி வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறார்களா என்பதைத்தான் எந்த இல்லத்திலும் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நேரில் போகும்போது பூஜை அறையையோ ஜெப மண்டபத்தையோ காட்டுவார்கள். நீங்கள் குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துணி, தனிப் பல்துலக்கி உண்டா, அல்லது பொதுக் குவியலிலிருந்து எடுத்து மாட்டிவிடுகிறார்களா? எல்லாப் பெண்களுக்கும் முடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். பேன் தொல்லை என்பார்கள். உண்மையில் பராமரிக்க ஆள் போதவில்லை என்பதே காரணமாக இருக்கும். இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். யாராவது பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க வந்தால், நாற்பது வயது மனிதரை வரிசையில் நிற்கவைத்து நன்றிப் பாட்டுப் பாடச் செய்து படம் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். எனக்கு மிகவும் வலிக்கும் காட்சி அது.

வழிபாட்டிலும் அவர்களுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. சிலருக்குப் பாட்டும் மணியோசையும் அத்தனை மகிழ்ச்சி தரும். சிலருக்கு அந்தச் சத்தமே தாங்காது. எழுந்து வெளியே போக விடுகிறார்களா? பொட்டும் பூவும் வைத்து வளர்ந்த பெண்ணுக்கு அது அங்கேயும் கிடைக்குமா? ரம்ஜானுக்கு ஒருவர் தன் வீட்டுக்குப் போய்வர முடியுமா?

மருந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். இவர்களில் பலருக்கு வலிப்பு நோயும் இருக்கிறது. பிரார்த்தனையில் குணமாகும் என்று சொல்லி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிரே போகலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஆள் அமைதியாகக் கிடக்க வேண்டும் என்பதற்காகத் தூக்க மருந்து கொடுப்பது. மருந்துச் சீட்டையும் மருத்துவர் பெயரையும் கேட்டு வாங்குங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்த ஒரு தனியார் இல்லத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. ஆனால் கொண்டுபோய் விட்ட பிறகு யாரும் வந்து பார்ப்பதில்லை என்ற நிலை இரண்டுக்கும் பொது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 இத்தகைய இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால், பெற்றோர்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் (கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்றவர்) தகவல் தரலாம். "முதல் சில மாதம் வராதீங்க, அப்பத்தான் பழகுவான்" என்று சொல்லும் இல்லத்தில் சேர்க்காதீர்கள். நீங்கள் நடமாடும் காலத்திலேயே ஒரு வாரம், ஒரு மாதம் என்று விட்டுப் பாருங்கள். திரும்பி வந்தவனின் தூக்கம், சாப்பாடு, படுக்கை நனைப்பது, தொட்டால் துள்ளுவது எல்லாவற்றையும் கவனியுங்கள். பேச்சில்லாதவர்கள் சொல்லும் வழி அதுதான்.

பதினெட்டு வயதுக்கு மேல், தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ் வாங்க வேண்டும். பாதுகாவலர் ஆண்டுதோறும் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்பதையும் இப்போதே பேசிவையுங்கள். அது இல்லத்தின் நிர்வாகியாக இருக்க வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அண்ணன், அத்தை மகள், குடும்ப நண்பர் என்று வெளியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கக்கூடிய ஒருவராக இருக்கட்டும்.