நீச்சல் தெரியும் என்று பாதுகாப்பு வாரைக் கழற்றாதீர்கள்

ஆழ்கடல் பாய்மரப் படகுப் பயிற்சிக்கு வருபவர்களிடம், உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸை அணிந்து அதன் வாரைப் படகோடு மாட்டிக்கொள்ளச் சொன்னால், “எனக்கு நன்றாக நீச்சல் தெரியும் ஐயா” என்ற பதில் வருவது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் சென்ற மாதம் இரவுக் காவலில் இருந்த ஒருவர், பாயைக் குறைப்பதற்காக வாரைக் கழற்றிவிட்டு படகின் முன்முனையான அணியம்வரை தனியாக நடந்து சென்றதைக் கண்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீச்சல் உங்களை நீரின் மேல் வைத்திருக்கும், படகிடம் கொண்டுசேர்க்காது. 6 நாட் என்பது பாய்மரப் படகுக்கு நிதானமான வேகம்தான். அதுவே மணிக்கு 11 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 3 மீட்டர். 100 மீட்டரை 47 நொடியில் கடக்கும் ஒலிம்பிக் வீரரின் வேகம்கூட, அலையில்லாத குளத்திலேயே, மணிக்கு 8 கிலோமீட்டரை எட்டுவதில்லை. நீங்களோ மழையங்கியும் காலணியுமாக, இருட்டில், அலைகளுக்கு நடுவே இருப்பீர்கள். உடனிருப்பவர்கள் சத்தம் கேட்டு எழுந்து, பாயை அடக்கி, படகைத் திருப்புவதற்கு ஐந்து நிமிடம் ஆனால், இடைவெளி 900 மீட்டரைத் தாண்டியிருக்கும். இரண்டு மீட்டர் அலையில் மனிதத் தலை அதற்கு வெகு முன்பே பார்வையிலிருந்து மறைந்துவிடும். பின்காற்றில் ஓடிக்கொண்டிருந்த படகென்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் எதிர்க்காற்றில் நேராகத் திரும்பி வர இயலாது. குறுக்கும் மறுக்குமாக ஏறித்தான் வர வேண்டும்.

அனுபவம் காப்பாற்றும் என்பவர்கள் எரிக் தபார்லியை நினைத்துப் பாருங்கள். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தை 1964-லும் 1976-லும் வென்ற அந்தப் பிரெஞ்சு மாலுமி, 1998 ஜூனில் ஐரிஷ் கடலில், தம் சொந்தப் படகான பென் டூயிக்கில் இரவில் பாயை மாற்றும்போது, பாயைத் தாங்கும் கழி தாக்கிக் கடலில் விழுந்தார். வாரும் இல்லை, லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஒரு மீன்பிடிப் படகுதான் அவர் உடலைக் கண்டெடுத்தது. மாறாக, 2014 மார்ச்சில் கிளிப்பர் உலகச் சுற்றுப் பந்தயத்தின்போது பசிபிக்கில் விழுந்தவர், ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு மீட்கப்பட்டார். நீர்புகா உடையும், லைஃப் ஜாக்கெட்டும், இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் அவரிடம் இருந்தன.

வார் மாட்டியிருந்தும் இறந்தவர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2011-இல் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த ஒரு படகுத் தலைவர், வாரோடு படகின் பக்கவாட்டில் இழுபட்டே மூழ்கினார். 2017-இல் தென்கடலில் ஒருவருடைய வாரின் கொக்கி, மேல்தளத்தில் கயிறு கட்டும் கிளீட்டில் சிக்கி, பக்கவாட்டு விசையில் வளைந்து விடுபட்டது. ஆகவே நீண்ட வாரை நம்ப வேண்டாம். விழவே முடியாத அளவுக்குக் குட்டையாக, படகின் நடுக்கோட்டிலோ காற்று வரும் பக்கத்திலோ மாட்டுங்கள். கொக்கி எதிலும் சிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருட்டியதும் மாட்டுங்கள். மேல்தளத்தில் தனியாக இருந்தால் பகலிலும் மாட்டுங்கள். உள்ளறையிலிருந்து மேல்தளத்துக்கு ஏறும் படியில் நின்றபடியே மாட்டிவிட்டு, அதன் பிறகு வெளியே காலை வையுங்கள். சிறுநீர் கழிக்க விளிம்பில் நிற்காதீர்கள். உள்ளே போங்கள், இதில் வெட்கத்துக்கு இடமில்லை, அப்படி நின்று விழுந்தவர்கள் பலர். தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட்டின் வாயு உருளை தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கையால் திருகிப் பாருங்கள். கால்களுக்கிடையே கட்டும் வாரையும் கட்டுங்கள். இல்லையேல் நீரில் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும்.

ஒருவர் விழுந்துவிட்டால், அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். அந்த ஆளுக்கு வேறு வேலை எதுவும் தராதீர்கள்.

படகுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாரை முதலில் நீங்கள் மாட்டுங்கள். நீங்கள் மாட்டாமல் நிற்கும் படகில், புதிதாக வந்தவர் ஒருபோதும் மாட்ட மாட்டார்.