ட்ரிவியா: முச்சந்தியில் பிறந்த சொல்

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா அறிவிப்பில், கோலப்போட்டிக்கும் உறியடிக்கும் நடுவே ‘அற்ப விஷயப் போட்டி, மாலை 5 மணி’ என்று ஒரு வரி. குட்டிக் குட்டித் தகவல்களைக் குறிக்கும் ‘ட்ரிவியா’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கைபேசி சொன்ன மொழிபெயர்ப்பை அக்கா மகன் அப்படியே அச்சடித்துவிட்டான். “வேற என்னதான் மாமா போடுறது?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னது இது.

கைபேசியை முழுக்கத் திட்டவும் முடியாது. லத்தீனில் ‘ட்ரி’ என்றால் மூன்று, ‘வியா’ என்றால் வழி. மூன்று வழி கூடும் இடம் ‘ட்ரிவியம்’, பன்மையில் ‘ட்ரிவியா’. அச்சு அசலாக நம் முச்சந்தி. அதிலிருந்து வந்த ‘ட்ரிவியாலிஸ்’ என்ற சொல்லுக்குத் தெருமுனையில் கிடைக்கிற, நாலு பேர் வாயில் அடிபடுகிற, மலிவான என்று பொருள் விரிந்தது. ஆங்கிலத்தின் ‘ட்ரிவியல்’ அதன் வாரிசு. அற்பம் என்ற வாடை அங்கே ஒட்டியதுதான்.

இத்தனைக்கும் இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை ஆகிய மூன்று பாடங்களுக்கும் சேர்த்து ட்ரிவியம் என்றே பெயர். அதை முடித்தவர்களுக்குக் கணக்கு, வடிவியல், இசை, வானியல் என்ற நான்கு. அதன் பெயர் குவாட்ரிவியம், அதாவது நாற்சந்தி! ரோமர்கள் டயானா தேவியையும் ‘ட்ரிவியா’ என்று அழைத்தார்கள்: முச்சந்தியம்மன் என்று வைத்துக்கொள்ளலாம். அவளோடு சேர்த்து எண்ணப்பட்ட ஹெகாட்டி தேவிக்குக் கிரேக்கர்கள் வழிகள் கூடும் இடத்தில் படையல் வைத்தார்கள். நாம் கண்ணேறு கழித்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறோம் என்று யோசித்தால் சிரிப்பு வரும்.

கேள்வி கேட்டு விளையாடும் பொருள் பிந்தியது. 1960களின் நடுவில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் பழைய வானொலி, திரைப்படச் சங்கதிகளைக் கேட்டு ஒருவரையொருவர் மடக்கினார்கள். 1979இல் கனடாவின் மாண்ட்ரியலில் கிறிஸ் ஹேனியும் ஸ்காட் அபாட்டும் யோசித்த ‘ட்ரிவியல் பர்சூட்’ பலகை விளையாட்டு அந்தப் பொருளை ஊரெல்லாம் கொண்டுசென்றது.

சரி, தமிழில்? புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். ‘துணுக்கு’ இருக்கிறது. சிறு துண்டு என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ இதழைப் புரட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முடிவெட்டும் கடையில் முறைக்குக் காத்திருந்த பெஞ்சில், அட்டை கிழிந்த பழைய இதழில், பக்கத்தின் ஒரு மூலையில் கட்டம் கட்டி நாலு வரி இருக்கும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்றிவர 225 நாள்தான். ஆஸ்திரேலியாவின் வோம்பாட் போடும் புழுக்கை கனசதுரம். அந்த நாலு வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைத் தட்டிச் சொல்லாமல் இருக்க முடியாது. திடுக்கிடுவதற்கும் நாம் ‘துணுக்குறுதல்’ என்கிறோம். ஒலி ஒத்துப்போவது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. அளவில் சிறியது என்று சொல்லும் இந்தச் சொல், மதிப்பில் சிறியது என்று சொல்வதில்லை. ‘அற்ப விஷயம்’ கோட்டைவிடுவது அங்கேதான்.

‘பொது அறிவு’ பொருந்தாது, அதில் தேர்வுக்குப் படிக்கும் வாசம். ‘வினாடி வினா’ போட்டியின் பெயர், தகவலின் பெயரன்று. ‘சுவையான தகவல்’ பரவாயில்லை, ஆனால் சுவையாக இருக்கிறதா என்பதைப் படிப்பவர் சொல்லட்டுமே.

இதன் பக்கத்து வீட்டுக்காரன் ‘ஃபேக்டாய்ட்’. அமெரிக்க எழுத்தாளர் நார்மன் மெய்லர் 1973இல் இந்தச் சொல்லைப் படைத்தபோது, அச்சில் வந்ததாலேயே உண்மைபோல் ஆகிவிட்ட பொய் என்றுதான் பொருள் வைத்தார். இன்று பலரும் குட்டித் தகவல் என்ற பொருளில் புழங்குகிறார்கள். மூலப் பொருளுக்குத் ‘தகவல்போலி’ என்பேன். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பது நல்ல மாதிரி. நிலவு கிடக்கட்டும், 2003இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவேயே தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்றார்.

அறிவிப்பில் ‘அற்ப விஷய’த்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ‘துணுக்குப் போட்டி’ என்று பேனாவால் எழுதியாயிற்று. பெருஞ்சுவரைத்தான் முதல் கேள்வியாக வைத்திருந்தானாம் பையன். எடுத்துவிட்டு வோம்பாட்டைப் போட்டிருக்கிறான்.