வாக்கர்: கம்பளி துவைத்தவரின் பெயர்

எல் நினோ தலைகாட்டும் ஆண்டுகளில் வானிலைக் கட்டுரைகளில் 'வாக்கர் சுழற்சி' என்ற தொடர் தவறாமல் வந்துவிடும். பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு மேற்காக நடக்கும் காற்றோட்டத்துக்கு அந்தப் பெயர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்து, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடிய கில்பர்ட் வாக்கரின் நினைவாக வைக்கப்பட்டது. அவர் 1868இல் வட இங்கிலாந்தில், லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'வாக்' என்றால் நடை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனவே வாக்கர் என்றால் நடப்பவர் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆங்கிலேயர்களே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் நகரில் மளிகைக் கடை வைத்திருந்த ஜான் வாக்கரின் பெயரில் வரும் விஸ்கிப் புட்டியில், தொப்பியும் கைத்தடியுமாக வீறுநடை போடும் மனிதரை 1908இல் வரைந்து ஒட்டினார்கள். படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தப் பெயரின் பொருள் நடை அன்று. வாக்கர் என்பது ஒரு தொழிலாளியின் பெயர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை நீரில் போட்டு மிதித்தும் அடித்தும் பிசைந்தும் இறுகச் செய்தவர் வாக்கர்.

அப்படி ஒரு தொழில் ஏன் தேவைப்பட்டது என்பது பருத்தி நாட்டவர்களான நமக்கு உடனே விளங்காது. பருத்திச் சேலை தறியை விட்டு இறங்கினால் உடுத்திக்கொள்ளலாம். ஆட்டு மயிரில் நெய்த துணி அப்படியில்லை. இழைகள் விலகி, சல்லடைபோல் தொளதொளவென்று இருக்கும். ஆட்டின் உடலிலிருந்தே வந்த பிசுக்கும், நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் அதில் படிந்திருக்கும். முதலில் அந்தப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிறகு ஈரத்தோடும் சூட்டோடும் துணியை விடாமல் உழக்க வேண்டும். கம்பளி மயிரைச் சுற்றி நுண்ணிய செதில்கள் உண்டு. உழக்க உழக்க அவை ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்து, குளிரும் மழையும் எளிதில் நுழையாத அளவுக்கு இறுகிவிடும். பிறகு மரச்சட்டங்களில் கொக்கிகளை வைத்து இழுத்துக் கட்டி, வெட்டவெளியில் உலர்த்துவார்கள். மனம் பதைத்துக் காத்திருப்பவரை அந்தக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டவராகச் சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் இன்றும் உண்டு.

பிசுக்கை எடுக்கப் பயன்பட்டவை இரண்டு. ஒன்று, நாள்பட்ட மனிதச் சிறுநீர். அது புளிக்கும்போது உண்டாகும் அம்மோனியா எண்ணெயைக் கரைத்துவிடும். ரோமானியர் காலத்திலேயே இது வழக்கம். சிறுநீர் விற்பனைக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரி போட்டார் என்றால் அதன் தேவை எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் இந்தத் தொழிற்கூடங்கள் கிடைத்திருக்கின்றன. தொட்டிகளுக்குள் நின்று தொழிலாளர்கள் துணியை மிதிக்கும் சுவரோவியமும் கிடைத்திருக்கிறது. மற்றொன்று, எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண். ஆங்கிலத்தில் இந்தத் தொழிலாளியின் இன்னொரு பெயரான ஃபுல்லர் என்பதாலேயே அந்த மண்ணைக் குறிப்பிடுவார்கள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் முகப்பூச்சுக்கென்று விற்கும் முல்தானி மட்டி அந்த வகை மண்தான். முகத்தில் வழியும் எண்ணெயை எடுக்க நாம் தடவுவதை, ஆட்டு மயிரின் எண்ணெயை எடுக்க அவர்கள் கொட்டினார்கள்.

இந்த ஒரே தொழிலுக்கு இடைக்கால இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன. வடக்கிலும் நடுப்பகுதியின் மேற்கிலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். தென்மேற்கில் டக்கர். மூன்றும் வேறு வேறு வேர்கள்.

ஃபுல்லரின் கதை எளிது. இலத்தீனில் இந்தத் தொழிலாளிக்கு 'ஃபுல்லோ' என்று பெயர். அது பழைய ஆங்கிலத்துக்குள் வந்தது. நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சொல்லும் அதே இலத்தீன் வழி வந்ததால் பெயர் இன்னும் உறுதிப்பட்டது.

டக்கரின் வேர் வியப்பானது. பழைய ஆங்கிலத்தில் 'தூகியன்' என்றால் ஒருவரை வதைத்தல், துன்புறுத்தல். அதிலிருந்து வந்த இடைக்கால வினைச்சொல், துணியை அடித்து இறுக்குவதற்கு ஆகிவந்தது. மனிதரை வதைத்த சொல் துணியை வதைக்கப் போயிற்று.

வாக்கருக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்றால் உருட்டுதல், புரட்டுதல், அலைக்கழித்தல். அதைச் செய்பவர் 'வெயால்கெரெ'. துணி இறுக்கும் தொழிலாளி என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு அப்போதே உண்டு. நடத்தல் என்ற பொருள் அந்த வினைக்கு ஏறத்தாழ 1200ஆம் ஆண்டையொட்டித்தான் வருகிறது. உருளுதல், அலைதல், அங்குமிங்கும் திரிதல், பிறகு நடத்தல் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'வால்க்கன்' இன்றுவரை கம்பளியை உழக்குவதையே குறிக்கிறது. அந்த மொழியிலும் வாக்கர் என்ற குடும்பப் பெயர் உண்டு, அதற்கும் இதே பொருள்.

துணிமேல் நடந்ததால் வாக்கர் என்ற பெயர் வந்தது என்று பல பெயர் அகராதிகளே எழுதிவிடுகின்றன. காலால் மிதித்தார்கள் என்பது உண்மை. ஆனால் பெயர் நடையிலிருந்து பிறக்கவில்லை. நடை என்ற பொருள் பிறப்பதற்கு முன்பே தொழிலின் பெயர் இருந்தது. இன்றைய ஆங்கிலம் மறந்துவிட்ட பழைய பொருளை லட்சக்கணக்கான குடும்பங்கள் தங்கள் பெயரில் தாங்கி நிற்கின்றன. எனக்கு இந்தச் சொல்லின்மேல் இவ்வளவு ஈடுபாடு ஏற்பட்டது இதனால்தான்.

தமிழ் வாசகருக்கு இது எளிதில் புரியும், ஏனென்றால் நம்மிடம் 'துவை' இருக்கிறது. துணியைத் துவைக்கிறோம். யானை புகுந்து வயலைத் துவைத்துவிட்டது என்கிறோம். அங்கே அது மிதித்து உழக்குதல். தேங்காயையும் பருப்பையும் அம்மியில் வைத்துத் தட்டி அரைத்தால் துவையல். ஒருவனைப் போட்டு அடித்தால் துவைத்து எடுத்துவிட்டான் என்கிறோம். மிதி, அடி, அரை, வெளு எல்லாம் ஒரே வினைக்குள் அடக்கம். ஆங்கிலத்தில் வாக்கரும் டக்கரும் தனித்தனியே சுமக்கும் பொருள்களைத் தமிழில் துவை ஒன்றே சுமக்கிறது. தூகியன், துவை என்ற ஒலி ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் உறவு கற்பிக்கக் கூடாது. வேர்ச்சொல் ஆராய்ச்சியை இப்படிப்பட்ட அவசரங்கள் கெடுத்தது போதும். உறவு சொல்லில் இல்லை, செயலில் இருக்கிறது. ஈரத்துணியை ஆத்திரத்தோடு அடித்துப் பார்த்த எந்த மக்களும் துணியை அடிப்பதற்கும் ஆளை அடிப்பதற்கும் ஒரே சொல்லைத் தேடியிருப்பார்கள்.

மிதிக்கும் வேலை என்றென்றும் நிலைக்கவில்லை. நீர்ச்சக்கரம் சுழல, அதில் பூட்டிய மரச் சம்மட்டிகள் தொட்டியிலுள்ள துணியை மாறி மாறி இடிக்கும் ஆலைகள் வந்தன. 1185இல் கோயில் வீரர் என்ற கிறித்தவப் போர்த்துறவிகள் தங்கள் இங்கிலாந்துச் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரில் ஒன்றும் கோட்ஸ்வோல்ட் பகுதியில் ஒன்றுமாக இப்படிப்பட்ட ஆலைகளைப் பதிவு செய்தார்கள். நூற்பும் நெசவும் எந்திரமாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஒரு வேலை நீரின் கைக்குப் போய்விட்டது. ஆலைகள் ஓடைக்கரைகளுக்குப் போயின, ஊர்ப்பெயர்களும் ஆயின. கார்ன்வாலில் டக்கிங்மில் என்று ஓர் ஊர் இருக்கிறது. வேல்ஸில் 'பாண்டி' என்று பல இடங்கள் உண்டு, வேல்ஸ் மொழியில் துணி இறுக்கும் ஆலை என்று பொருள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மட்டும் இருபதாம் நூற்றாண்டுவரை கைவேலையே நீடித்தது. பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த துணியைத் தாளத்தோடு அடித்து, கேலிக் மொழியில் பாடினார்கள். துணி தீர்ந்துபோன பிறகும் அந்தப் பாட்டுகள் பாடப்படுகின்றன.

இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில்தான் பட்டப்பெயர் பரம்பரைப் பெயராக உறைந்தது. ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால், துணி இறுக்கும் ஜானை அந்த வட்டாரம் எந்தச் சொல்லால் அழைத்ததோ அது அவர் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. பிள்ளை ரொட்டி சுட்டாலும் பெயர் வாக்கர்தான். நம் சாதித் தொழிற்பெயர்களிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபடும். பெயர் பரம்பரையாக வந்தது, தொழில் அதனோடு கட்டப்படவில்லை. பெயரைக் கேட்டு இன்று யாரும் யாரையும் உயர்வாகவோ தாழ்வாகவோ எண்ணுவதில்லை.

அன்றைய வட்டார வழக்கு வரைபடம் குடும்பப் பெயர்களில் அப்படியே தங்கிவிட்டது. 1881ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கில், ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும், மூன்று பெயர்களும் தத்தம் பழைய நிலத்தில் அடர்ந்திருப்பதைப் பார்க்கலாம். டெவன், சாமர்செட், கார்ன்வால் என்றால் டக்கர். எக்ஸிட்டர் நகரில் நெசவாளரும் துணி இறுக்குபவரும் சேர்ந்து 1471இல் கட்டிய சங்கக் கட்டடம் டக்கர்கள் மண்டபம் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. சசெக்ஸ், கென்ட், சஃபோக் என்றால் ஃபுல்லர். யார்க்ஷயர், லங்காஷயர், ஸ்காட்லாந்தின் தாழ்நிலம் என்றால் வாக்கர். ராச்டேல் ஒரு காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். கில்பர்ட் வாக்கர் அங்கே பிறந்தது பெயருக்கும் நிலத்துக்கும் பொருத்தமான செய்தி.

மூன்றில் வாக்கரே பெரும்பான்மை. பிரிட்டனில் மிகுதியாக வழங்கும் முதல் இருபது குடும்பப் பெயர்களில் அது இடம்பெறுகிறது. ஸ்காட்லாந்தில் கேலிக் மொழியில் 'துணி இறுக்குபவரின் மகன்' என்று பொருள்படும் 'மக் அன் ஊகதர்' என்ற பெயரையும் பலர் வாக்கர் என்று மாற்றிக்கொண்டார்கள். டக்கரிலும் எல்லாரும் இந்தத் தொழிலின் வழி வந்தவர்கள் அல்லர். அயர்லாந்தில் வேறொரு பழைய குலப்பெயர் ஒலி ஒற்றுமையால் டக்கர் ஆகியிருக்கிறது.

கடல் கடந்ததும் இந்த வரைபடம் கலைந்துவிடுகிறது. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாக்கர் 28ஆவது இடத்தில் இருந்தது, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். அவர்களில் மிகப் பலர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அடிமை முறையின் ஊடாக ஆங்கிலப் பெயர்களைப் பெற்ற மூதாதையரின் வழியினர் அவர்கள். அங்கே வாக்கர் என்ற பெயரிலிருந்து யார்க்ஷயர் ஓடைக்கரையை ஊகிக்க முடியாது. யார் யாரை எங்கே கொண்டுபோய் விற்றார்கள் என்ற வரலாறு இடையில் நிற்கிறது. ஃபுல்லர் என்ற பெயர் வேதியியல் வரை போய்விட்டது. 1985இல் அறுபது கரி அணுக்கள் கொண்ட உருண்டை மூலக்கூறு கண்டறியப்பட்டபோது, குவிமாடங்களை வடிவமைத்த பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் பெயரை அதற்கு இட்டார்கள். நம் மாணவர்கள் படிக்கும் ஃபுல்லரீன் அதுதான்.

இதற்குத் தமிழ் என்ன? ஒருவரின் பெயராக வரும்போது மொழிபெயர்க்கவே கூடாது. வாக்கர் சுழற்சி வாக்கர் சுழற்சியாகவே இருக்கட்டும். தொழிலைச் சொல்ல நேர்ந்தால் 'கம்பளி துவைஞர்' என்பதை முன்வைக்கிறேன். மிதித்தலையும் அடித்தலையும் வெளுத்தலையும் துவை தாங்கிக்கொள்ளும். வெறும் சலவை என்று வாசகர் மயங்காமல் கம்பளி என்ற முன்னொட்டு காக்கும். 'கம்பளி மிதிப்பவர்' தவறில்லை, ஆனால் சம்மட்டி ஆலைக்குப் பொருந்தாது. 'நடையர்' போன்றவை அறவே ஆகாது.

வண்ணார் என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அப்படித்தான் செய்தது. ஆங்கில விவிலியத்தில் ஃபுல்லரின் சவுக்காரம் வருமிடத்தில், மல்கியா ஆகமத்தில், தமிழில் வண்ணாருடைய சவுக்காரம் வருகிறது. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் இயேசுவின் ஆடை, பூமியில் எந்த வண்ணானும் வெளுக்க முடியாத வெண்மையோடு ஒளிர்கிறது. கம்பளியைத் தடிக்கச் செய்வது அங்கே செய்தியன்று, வெண்மைதான் செய்தி. மொழிபெயர்த்தவர்கள், உவர்மண்ணால் துணி வெளுத்த நம்மவரை நினைத்தது சரியே. யார்க்ஷயர்க் கம்பளிக்கு அந்தச் சொல் பற்றாது.

அதே மாற்கு வசனத்தை 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சமயச் சீர்திருத்தர் ஜான் விக்லிஃப் வழி வந்தவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, தெற்கத்தியாருக்கும் வடக்கத்தியாருக்கும் விளங்க வேண்டும் என்பதுபோல், ஃபுல்லர் என்று எழுதி, அடுத்தே 'அல்லது துணி வாக்கர்' என்றும் சேர்த்து எழுதினார்கள். அந்த வாக்கர் நிற்கும் இடத்தில் தமிழில் நூறாண்டுக்கும் மேலாக நிற்பவர் வண்ணார்.